உடலுக்குள் வைரஸ் என்ன செய்கிறது? மூன்று சமன்பாடுகளோடு தொடங்குவோம்

எச்ஐவி தொற்றிய ஒருவருக்கு மருந்து எதுவும் கொடுக்காமல் ரத்தத்தில் வைரஸை எண்ணிக்கொண்டே வந்தால், முதல் சில வாரக் கொந்தளிப்பு அடங்கிய பிறகு அந்த எண் ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். இதை வைத்து, வைரஸ் உள்ளே பெரும்பாலும் சும்மா கிடக்கிறது என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். 1995 ஜனவரியில் இரண்டு ஆய்வுக் குழுக்களின் முடிவுகள் ஒரே இதழில் வெளிவந்தன. புதிய மருந்து கொடுத்ததும் வைரஸ் அளவு சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போனது.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது, கீழே ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேறுகிறது. இரண்டும் ஒரே வேகம் என்றால் மட்டம் அசையாது. பார்ப்பவருக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர் போலத்தான் தெரியும். குழாயை மூடினால் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அவ்வளவு வேகத்தில்தான் அதுவரை தண்ணீர் உள்ளே வந்துகொண்டும் இருந்தது. 1995-இல் மருந்து குழாயை மூடியது. ரத்தப் பரிசோதனை மட்டத்தை மட்டும்தான் காட்டும். வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாடல் வேண்டும்.

அந்த மாடலை முதலிலிருந்து எப்படிக் கட்டுவது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பள்ளிக் கணிதமும் எக்செல் போன்ற ஒரு விரிதாளும் போதும். வகைக்கெழு மறந்துபோயிருந்தால் பரவாயில்லை, 'மாறும் வேகம்' என்று படித்துக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் நேரே சமன்பாட்டில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரே ஒரு வரியில் கேள்வியை எழுதி வையுங்கள். 'தொற்றிய செல் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது?', 'மருந்து எந்தக் கட்டத்தைத் தடுக்கிறது?' இப்படி. ஒரு கேள்விக்குக் கட்டிய மாடல் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போது இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

2. மூன்று பெட்டிகள் வரையுங்கள்

ஒரு தாளில் மூன்று பெட்டிகள் போடுங்கள்.

ந: வைரஸ் இன்னும் தொடாத நல்ல செல்கள்
த: தொற்றிய செல்கள்
வ: செல்லுக்கு வெளியே திரியும் வைரஸ்

இனி அம்புக்குறிகள். வைரஸ் நல்ல செல்லைத் தொற்றினால் அந்தச் செல் 'ந'விலிருந்து 'த'வுக்குப் போகும். தொற்றிய செல் சாகும். அது உயிரோடு இருக்கும்வரை வைரஸை உற்பத்தி செய்யும். வெளியே திரியும் வைரஸ் சிதைந்தோ, உடலால் அகற்றப்பட்டோ கழியும். நான்கு நிகழ்வு, ஆளுக்கொரு வீதம்: பற்றும் வீதம் ப, சாவு வீதம் ச, உற்பத்தி வீதம் உ, கழிவு வீதம் க.

படத்தை அப்படியே வரியாக எழுதினால் சமன்பாடு வந்துவிடும்:

ந மாறும் வேகம் = − ப × ந × வ
த மாறும் வேகம் = ப × ந × வ − ச × த
வ மாறும் வேகம் = உ × த − க × வ

உள்ளே வரும் அம்புக்குக் கூட்டல், வெளியே போகும் அம்புக்குக் கழித்தல். அவ்வளவுதான். இந்தத் துறையில் வெளியாகும் பெரும்பாலான கட்டுரைகள் இந்த மூன்று வரியில் ஒரு பெட்டியைக் கூட்டியோ ஓர் அம்பை மாற்றியோ எழுதப்பட்டவைதான். எனவே இந்த மூன்றையும் பார்க்காமல் எழுத வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நோய் எதிர்ப்பு சக்தி எங்கே என்று கேட்பீர்கள். தனிப் பெட்டியாக இல்லை. 'ச', 'க' என்ற இரண்டு வீதங்களுக்குள் அதன் ஒரு பகுதி மறைந்திருக்கிறது. இது பெரிய எளிமைப்படுத்தல், தெரிந்தேதான் செய்கிறோம்.

3. எண்களைப் போட்டுக் கையால் ஓட்டிப் பாருங்கள்

தன்னார்வலர்கள் ஆறு பேருக்கு இன்ஃபுளுவென்சா ஏ வைரஸைக் கொடுத்து நாள்தோறும் மூக்கைக் கழுவிய நீரில் வைரஸ் அளந்த தரவு உண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு அந்தத் தரவோடு மேலே உள்ள மாடலைப் பொருத்தியது. அதில் கிடைத்த சராசரி மதிப்புகளையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நல்ல செல் 40 கோடி, தொற்றிய செல் 0, வைரஸ் 0.093. ஒரு நாளைக்கான வீதங்கள்: ப = 0.000027, ச = 4, உ = 0.012, க = 3.

'உ'வைப் பார்த்துவிட்டு, ஒரு செல் நாளொன்றுக்கு 0.012 வைரஸ்தான் தருகிறதா என்று திகைக்க வேண்டாம். இங்கே வைரஸை ஒவ்வொன்றாக எண்ணவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த செல்களைத் தொற்றவைக்கும் திறனை வைத்து, ஒரு மில்லிலிட்டர் நீருக்கு இவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். அந்த அலகில் ஒரு செல்லின் பங்கு 0.012, அவ்வளவே. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் பிரதி எடுப்பதால் வரும் தவறுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்த்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதுங்கள். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அலகு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இப்போது விரிதாளில் நேரம், ந, த, வ என்று நான்கு பத்தி. ஒவ்வொரு வரிசையும் 0.01 நாள், அதாவது 14 நிமிடம் சொச்சம். புதிய மதிப்பு = பழைய மதிப்பு + மாறும் வேகம் × 0.01.

முதல் அடி: 0.000027 × 40 கோடி = 10,800. அதை 0.093-ஆல் பெருக்கினால் 1,004. அதில் நூறில் ஒரு பங்கு 10. ஆக, முதல் 14 நிமிடத்தில் சுமார் 10 செல்கள் தொற்றுகின்றன. அதே நேரத்தில் வைரஸ் 3 × 0.093 × 0.01 = 0.0028 குறைகிறது. தொடர்ந்து போட்டால் இப்படி வரும்:

தொடக்கம்: த 0, வ 0.0930
14 நிமிடம்: த 10.0, வ 0.0902
29 நிமிடம்: த 19.4, வ 0.0887
43 நிமிடம்: த 28.2, வ 0.0884
58 நிமிடம்: த 36.6, வ 0.0891

முதன்முதலில் இதை ஓட்டியபோது வைரஸ் குறைவதைப் பார்த்துவிட்டு, கூட்டல் குறியைத் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். தப்பு இல்லை. உள்ளே நுழைந்த வைரஸ் கழிந்துகொண்டே இருக்கிறது, தொற்றிய செல்கள் போதுமான அளவு சேரும்வரை உற்பத்தி அதை ஈடுகட்டாது. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் இரண்டும் சமமாகி, அப்புறம் எண் ஏறத் தொடங்குகிறது. இந்த ஐந்து வரிசையையாவது கையால் போட்டுப் பாருங்கள். மென்பொருளில் ஓட்டினால் இந்த இடம் கண்ணிலேயே படாது.

இப்படியே எட்டு நாளுக்கு 800 வரிசை இழுத்துவிட்டு, வைரஸ் பத்தியை மடக்கை அளவில் (1, 10, 100 என்று ஒவ்வொரு படியும் பத்து மடங்காக) வரைபடமாகப் போடுங்கள். சாதாரண அளவில் போட்டால் ஒரு கூர்முனை மட்டும் தெரியும். மடக்கை அளவில் மூன்று பகுதி தெளிவாகப் பிரியும்: நேர்கோடாக ஏற்றம், இரண்டாம் நாள் வாக்கில் உச்சம், பிறகு நேர்கோடாக இறக்கம். ஏற்றத்தில் வைரஸ் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது.

சரி, 0.01 என்ற இடைவெளி போதுமா? அதைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சம் சற்று முன்னால் நகரும். இன்னும் பாதியாக்குங்கள். நகர்வது நின்றால் போதும் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொண்ட பிறகு பைத்தானில் சைப்பை நூலகத்துக்கோ, ஆர் மொழியில் டீசால்வ் தொகுப்புக்கோ போய்விடுங்கள். அவை இடைவெளியைத் தாமே சரிசெய்துகொள்ளும்.

4. பெருக்க எண்ணைக் கணக்கிடுங்கள்

ஒரு தொற்றிய செல், சுற்றிலும் நல்ல செல்களே இருக்கும்போது, எத்தனை செல்களைத் தொற்றவைக்கும்? இதுதான் அடிப்படைப் பெருக்க எண். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், கதையாகச் சொல்லிப் பாருங்கள். சாவு வீதம் 4 என்றால் செல்லின் சராசரி ஆயுள் கால் நாள். அதற்குள் அது தரும் வைரஸ் 0.012 ÷ 4 = 0.003. ஓர் அலகு வைரஸ் சராசரியாக மூன்றில் ஒரு நாள் இருக்கும். அதற்குள் அது தொற்றவைக்கும் செல் 10,800 ÷ 3 = 3,600. இரண்டையும் பெருக்கினால் 10.8.

ஒன்றுக்கு மேல் இருந்தால் தொற்று பரவும், கீழே இருந்தால் அணையும். இங்கே ஒரு மருந்து தொற்றை முளையிலேயே அணைக்க வேண்டுமென்றால் 10.8-ஐ ஒன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதாவது குறைந்தது 91 சதவீதம் தடுக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு பெட்டியும் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்றிய செல் உடனே வைரஸ் தருவதில்லை, சில மணி நேரம் ஆகும். அந்தக் காத்திருப்புக்கு ஒரு பெட்டி. தரவு அதே ஆறு பேருடையதுதான். ஆனால் பெருக்க எண் சுமார் 22-க்குப் போய்விட்டது. காத்திருப்பு இருந்தும் வைரஸ் அதே வேகத்தில் ஏற வேண்டுமானால் ஒவ்வொரு செல்லும் இன்னும் அதிகம் தொற்றவைத்தாக வேண்டும் அல்லவா? ஆகவே யாராவது ஒரு பெருக்க எண்ணைச் சொன்னால், எந்த மாடலில் என்று கேட்டுவிட்டுத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. தரவிலிருந்து சரிவைப் படியுங்கள்

மடக்கை வரைபடத்தில் நேர்கோட்டுச் சரிவுதான் உங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த அளவுகோல். உதாரணத்துக்கு, மருந்து தொடங்கிய 2-ஆம் நாள் ஒருவரின் வைரஸ் அளவு 80,000, 7-ஆம் நாள் 8,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளில் பத்தில் ஒன்றானது. பத்தின் இயற்கை மடக்கை 2.303. ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 0.46. அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம் = 0.693 ÷ 0.46 = 1.5 நாள்.

1996-இல் ஆலன் பெரெல்சன், டேவிட் ஹோ ஆகியோரின் குழு ஐந்து எச்ஐவி நோயாளிகளிடம் செய்ததும் இதன் நுணுக்கமான வடிவம்தான். மருந்து கொடுத்த முதல் சில மணி நேரங்களிலிருந்தே அடிக்கடி ரத்தம் எடுத்து அளந்ததால், இரண்டு வேகங்களைப் பிரித்தெடுக்க முடிந்தது. தொற்றிய செல்லின் அரை ஆயுள் சராசரி 1.6 நாள், ரத்தத்தில் வைரஸின் அரை ஆயுள் அதிகபட்சம் 6 மணி நேரம்.

இந்த இரண்டாவது எண்ணிலிருந்து தொட்டியின் குழாய் வேகத்தைக் கணக்கிடலாம். மில்லிலிட்டருக்கு 2 லட்சம் வைரஸ், செல்லுக்கு வெளியே உள்ள உடல் நீர் 15 லிட்டர் என்றால் மொத்தம் 300 கோடி. கழிவு வீதம் நாளுக்கு சுமார் 3. மட்டம் மாறாமல் இருக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 900 கோடி வைரஸ் புதிதாக உண்டாக வேண்டும். அந்த ஆய்வு சொன்ன சராசரி 1,030 கோடி. சும்மா கிடக்கிறது என்று நம்பிய வைரஸ்! இவ்வளவு பிரதி எடுத்தால், ஒரு மருந்துக்கு எதிர்ப்புத் தரும் மரபணு மாற்றம் எங்காவது ஏற்கெனவே இருக்கும். ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் சீக்கிரமே பலிக்காமல் போவதும், பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதும் இதனால்தான்.

இங்கே ஒரு பொறி உண்டு. உச்சத்துக்குப் பின் வரும் இறக்கத்தின் நீண்ட சரிவு, 'ச', 'க' இரண்டில் எது மெதுவோ அதை மட்டும்தான் காட்டும். நம் இன்ஃபுளுவென்சா கணக்கில் மெதுவானது க = 3. ஆனால் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது செல்லின் சாவு வீதமா, வைரஸின் கழிவு வீதமா என்று தெரியாது. பிரிக்க வேண்டுமானால் பெரெல்சன் குழு போல ஆரம்ப மணி நேரங்களில் நெருக்கமாக அளக்க வேண்டும், அல்லது உடலுக்கு வெளியே வைரஸ் எவ்வளவு வேகத்தில் வீரியம் இழக்கிறது என்று தனிச் சோதனை செய்ய வேண்டும்.

6. கணினியைக் கொண்டு பொருத்தும்போது

வீதங்களைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகள் நிறைய. அவை எப்போதும் ஏதாவது ஒரு விடை தரும், அதுதான் சிக்கல். மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, மாடல் தரும் அளவுக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசங்களை மடக்கையில் அளவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சத்தில் உள்ள ஓரிரு புள்ளிகளே மொத்தப் பொருத்தத்தையும் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கீழெல்லை இருக்கும், அதற்குக் கீழே 'கண்டறியப்படவில்லை' என்று வரும். அந்த இடத்தில் பூச்சியம் போடாதீர்கள், எல்லை மதிப்பையே உண்மை அளவாகவும் போடாதீர்கள். 'இதற்குக் கீழே எங்கோ இருக்கிறது' என்ற தகவலாகவே பொருத்தத்தில் சேர்க்க வழி உண்டு. கடைசிச் சரிவின் சாய்வு இதில்தான் கெடும்.

மூன்றாவதுதான் முக்கியம். வைரஸை மட்டும் அளந்திருந்தால் 'உ'வையும் ஆரம்ப நல்ல செல் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கவே முடியாது. விரிதாளில் சோதித்துப் பாருங்கள்: 40 கோடியை 20 கோடி ஆக்குங்கள், 0.012-ஐ 0.024 ஆக்குங்கள். வைரஸ் வரைபடம் இம்மியும் மாறாது. இரண்டின் பெருக்குத்தொகை மட்டும்தான் தரவுக்குத் தெரியும். ஒன்றை வேறு வழியில் அறிந்து நிலையாக வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தேட வேண்டும். அந்த 40 கோடியும் அப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து நிலையாக வைத்த எண்தான்.

கூடவே ஒன்று. நம் வரைபடம் இறங்குவதற்குக் காரணம் நல்ல செல்கள் ஏறக்குறைய முழுதும் தீர்ந்துபோவதுதான். உண்மையில் மூச்சுக்குழாயின் எல்லாச் செல்களும் அழிவதில்லை, உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் புரதம் போன்ற எதிர்ப்பு முறைகள் நடுவிலேயே செல்களைக் காக்கின்றன. இரண்டு விளக்கமும் ஏறத்தாழ ஒரே வளைகோட்டைத் தரும். பொருத்தம் அழகாக வந்தது என்பதற்காக மாடல் சொல்லும் காரணம் உறுதியாகிவிடாது.

7. மருந்தைச் சேர்த்துப் பாருங்கள்

மருந்தின் திறனை ம என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.95 என்றால் 95 சதவீதம் தடுக்கிறது. தொற்றுவதைத் தடுத்தால் 'ப'வை (1 − ம)-ஆல் பெருக்குங்கள். உற்பத்தியைத் தடுத்தால் 'உ'வை. இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் வளைகோடுகள் வேறு வேறாக இருக்கும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யில் இது பெரிய பலன் தந்தது. இன்டர்ஃபெரான் ஊசி போட்டதும் முதல் இரண்டு நாளுக்குள் வைரஸ் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகச் சரிந்தது. மருந்து புதுத் தொற்றை மட்டும் தடுத்திருந்தால், ஏற்கெனவே தொற்றிய செல்கள் உற்பத்தியைத் தொடர்ந்திருக்கும், அந்தச் செங்குத்தான இறக்கம் வந்திருக்காது. உற்பத்தியை 95 சதவீதம் தடுத்தால் வைரஸ் விரைவாக இருபதில் ஒன்றாகி, அங்கிருந்து தொற்றிய செல்கள் சாகும் வேகத்தில் இறங்கும். தரவு அப்படியே இருந்தது. 1998-இல் அவிடன் நியூமன், பெரெல்சன் உள்ளிட்டோர் இதைக் காட்டினார்கள். வைரஸின் அரை ஆயுள் சுமார் 2.7 மணி நேரம் என்பதும் அதில் கிடைத்தது. முதல் இறக்கத்தின் ஆழத்தைப் பார்த்தே மருந்தின் திறனைச் சொல்லிவிடலாம் என்பதால், ஒரு நோயாளிக்கு மருந்து பலிக்கிறதா என்பதற்கு மாதக்கணக்கில் காத்திராமல் முதல் நாட்களிலேயே ஒரு குறிப்புக் கிடைக்கிறது.

8. விட்டுப்போன பெட்டியைத் தேடுங்கள்

1997-இல் எச்ஐவி சரிவுகளை நீட்டிப் பார்த்து, மருந்து முழுமையாகத் தடுத்தால் 2.3 முதல் 3.1 ஆண்டில் வைரஸை ஒழித்துவிட வாய்ப்பு உண்டு என்று ஒரு கணிப்பு வந்தது. கணக்கில் பிழையில்லை. அளவில் தெரிந்த செல் கூட்டங்களுக்கு அது பொருந்தும். ஆனால் வைரஸின் மரபணுவைத் தன்னுள் வைத்துக்கொண்டு எதுவும் உற்பத்தி செய்யாமல் உறங்கும் நினைவுச் செல்களும் (நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை) இருந்தன. அவை வைரஸ் அளவுக்குப் பங்களிக்காததால் அந்த வரைபடத்தில் தெரியவே தெரியாது. 2003-இல் வந்த நீண்டகால அளவீட்டின்படி அந்தக் கூட்டத்தின் அரை ஆயுள் சுமார் 44 மாதம். பத்து லட்சம் உறங்கும் செல்கள் இருந்தால் ஒன்றாகக் குறைய இருபது முறை பாதியாக வேண்டும். 20 × 44 = 880 மாதம், அதாவது 73 ஆண்டுகள்.

இதை நீங்களே செய்து பாருங்கள். 'உ' என்ற எழுத்து ஏற்கெனவே உற்பத்திக்குப் போய்விட்டதால் உறங்கும் செல்களுக்கு 'து' என்று வையுங்கள். தொற்றும் செல்களில் மிகச் சிறு பங்கு அதில் போகட்டும், அதிலிருந்து அவ்வப்போது சில விழித்துக்கொண்டு 'த'வுக்கு வரட்டும். எச்ஐவிக்கு நல்ல செல்கள் புதிதாக உண்டாவதையும் முதல் வரியில் கூட்டிக்கொள்ளுங்கள். மருந்தைப் போட்டு ஓட்டுங்கள், சில ஆண்டுகள் கழித்து ம = 0 ஆக்குங்கள். உறங்கும் பெட்டி இல்லாத பழைய விரிதாளிலும் இதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய மாடலிலும் வைரஸ் திரும்பி வந்தால், தொற்றிய செல் எண்ணிக்கை நடுவில் எவ்வளவு தாழ்ந்தது என்று பாருங்கள். உடல் முழுவதிலும் 0.001 செல் என்று ஒன்று கிடையாது. ஆனால் சமன்பாடு அந்தத் துணுக்கையும் விடாமல் பெருக்கும். எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போகும் இடத்தில் இந்த வகைச் சமன்பாட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு செல்லுக்கும் வாய்ப்புக் கணக்குப் போடும் மாடலுக்கு மாற வேண்டும். நீங்கள் அடுத்துக் கற்க வேண்டியது அதுதான்.